பழசா, புதுசா? ஸ்பீக்கர் வாங்கும் முன்னால கொஞ்சம் சரித்திரம்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் குடியிருந்துகிட்டு, பாட்டு கேக்கிற கிறுக்கும் கொஞ்சம் பிடிச்சிருந்தா, என்னைக்காவது ஒரு நாள் இந்தக் கேள்வி வந்தே தீரும். கையில இருக்கிற காசுக்கு, பெட்டி பிரிக்காத, வாரண்டியோட வர்ற ஒரு ஜோடி புது ஸ்பீக்கர் வாங்குறதா? இல்ல, அதே காசுக்கு, முப்பது வருஷத்துக்கு முன்னால யாரோ ஒருத்தர் ஆசை ஆசையா வாங்கி, இப்ப வீடு மாறும்போது விக்கிற பெரிய சீமை ஸ்பீக்கரை வாங்குறதா?

ஷோரூம்காரரைக் கேட்டா புதுசுதான்னு சொல்வார். அவர் பொழப்பு அது. பழசு விக்கிறவரைக் கேட்டா, "இந்தக் காலத்துல இப்படி எல்லாம் எவன் சார் செய்யறான்"னு ஆரம்பிப்பார். அவர் பொழப்பு அது. ரெண்டு பேரையும் விட்டுட்டு சரித்திரத்தைக் கேட்டுப் பாக்கலாமேன்னுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். நடுவுல கொசுவத்தியும் சுத்தும். காபி எடுத்துட்டு வந்து உக்காந்துடுங்க :-)

முதல்ல ஒண்ணு. இந்தக் கேள்வியே நம்ம ஊருக்குப் புதுசு. வெளிநாட்டு ஸ்பீக்கர்ல "புதுசு"ங்கிற பக்கமே நமக்கு ரொம்ப நாள் கிடையாது. எங்கிருந்தோ வந்தது, யாரோ வச்சிருந்தது, கை மாறினது... இதுதான் கிடைக்கும். அதனால நம்ம ஊர் ஸ்பீக்கர் கதையில பாதி செகண்ட் ஹேண்ட் கதை. மீதிப் பாதி ரிப்பேர் கதை.



ஸ்பீக்கர் பொறந்த கதையைச் சுருக்கமா சொல்லிடறேன். கலிஃபோர்னியாவுல நாபாங்கிற ஊர்ல வேலை பார்த்த பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதம்னு ரெண்டு பேர், 1915ல் மின்சாரத்தில் பேசற பெரிய கொம்புக் குழாய் ஒண்ணைக் கொண்டு வந்தாங்க. அவங்க வச்ச பேர்தான் மேக்னவாக்ஸ். பத்து வருஷம் கழிச்சு, 1925ல், ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் ரெண்டு பேரும் கொம்பு இல்லாத ஸ்பீக்கரைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினாங்க. ஒரு காகிதக் கூம்பு. கூம்புக்கு அடியில் செம்புக் கம்பிச் சுருள். சுருளைச் சுத்தி காந்தம். பாட்டு கரண்டா மாறி சுருளுக்குள்ள வந்தா, காந்தம் அதைத் தள்ளும், இழுக்கும். கூம்பு ஆடும், காத்து ஆடும், நம்ம காது கேக்கும். அவ்வளவுதான் விஷயம். அடுத்த வருஷமே ஆர்.சி.ஏ. கம்பெனி இதை ரேடியோலா 104ங்கிற பேர்ல கடைக்குக் கொண்டு வந்துடுச்சு.

நூறு வருஷம் ஆச்சு. கெல்லாக்கை எழுப்பிக் கூட்டிட்டு வந்து இன்னைக்கு ஒரு ஷோரூம்ல நிறுத்தினா, செல்போனைப் பாத்து முழிப்பார். ஆனா பத்து லட்ச ரூபாய் ஸ்பீக்கரைத் திறந்து காட்டினா, எந்தப் பாகம் எதுக்குன்னு விரல் வச்சுச் சொல்லிடுவார். கூம்புக்குக் காகிதத்துக்குப் பதிலா கெவ்லார், அலுமினியம், கார்பன் ஃபைபர்னு வந்திருக்கு. காந்தம் மாறியிருக்கு. அடிப்படை மாறல.

பழைய கம்ப்யூட்டரை யாரும் காசு கொடுத்து வாங்குறதில்ல. பழைய ஸ்பீக்கரை வாங்குறாங்க. காரணம் இதுதான். ஸ்பீக்கருக்கு வயசாகும், ஆனா அதோட காலம் லேசுல முடியாது.



இப்ப மெட்ராஸ். சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று தொடங்கின மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப், 1924 ஜூலை 31ல் ஒலிபரப்பை ஆரம்பிச்சது. காசு இல்லாம 1927ல் நின்னு போச்சு. டிரான்ஸ்மிட்டர் கார்ப்பரேஷன் கைக்குப் போய், 1930ல் இருந்து கார்ப்பரேஷனே ஒலிபரப்பு நடத்தியது. 1938 ஜூன் 16ல் ஆல் இந்தியா ரேடியோ இங்கே வர்ற வரைக்கும் அதுதான் மெட்ராஸ் ரேடியோ. வீட்டுல ரேடியோப் பெட்டி வச்சிருந்தவங்க ரொம்பக் கொஞ்சம் பேர். மத்தவங்க மெரினா மாதிரி பொது இடங்கள்ல கட்டியிருந்த ஒலிபெருக்கிக்குக் கீழ நின்னு கேட்டாங்க. இந்த ஊர் ஜனங்க முதல்ல கேட்ட ஸ்பீக்கர் ஊர்ப் பொதுச் சொத்து. புதுசா பழசான்னு யோசிக்கிற வேலை யாருக்கும் இல்ல.

முதல் தமிழ்ப் பேசும் படமான காளிதாஸ் வந்தது 1931ல். பீச்ல இருந்து தாம்பரம் வரைக்கும் கரண்டு ரயில் ஓட ஆரம்பிச்சதும் அதே 1931ல்தான். தாம்பரத்துக்காரங்க டவுனுக்குப் போய் படம் பாத்துட்டு ராத்திரி வீடு திரும்புற பழக்கத்துக்கு இந்த ரெண்டும் சேந்துதான் வழி போட்டது.

இந்தப் பேசும் படம்தான் நல்ல ஸ்பீக்கரையும் நம்ம ஊருக்குக் கொண்டு வந்தது. பழைய படங்கள்ல டைட்டில் ஓடும்போது ஆர்.சி.ஏ. சவுண்ட் சிஸ்டம், வெஸ்ட்ரெக்ஸ் சவுண்ட் சிஸ்டம்னு ஒரு கார்டு வருமே, ஞாபகம் இருக்கா? அது ஒலிப்பதிவு மெஷினோட பேர். ஆனா அதே கம்பெனிங்கதான் தியேட்டருக்கும் ஸ்பீக்கர் செஞ்சவங்க. வெஸ்ட்ரெக்ஸ்ங்கிறது அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியோட ஏற்றுமதிப் பிரிவு.

வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கதை நம்ம கேள்விக்கு ரொம்ப முக்கியம். அமெரிக்காவில் தியேட்டர்களுக்கு அவங்க ஸ்பீக்கரை வித்தது இல்ல, வாடகைக்குத்தான் விட்டாங்க. அந்தக் காலத்து வால்வு ஆம்ப்ளிஃபையர்ல வர்றது சில வாட்ஸ்தான். அதை வச்சு ஆயிரம் பேர் உக்கார்ற தியேட்டரை நிரப்பணும். அதுக்காக ஆள் உயரக் கொம்புகளைச் செஞ்சாங்க. பின்னால தியேட்டர்கள் புது செட்டு மாத்தினப்ப இதெல்லாம் காயலான் கடைக்குப் போச்சு. 1970களுக்கு மேல ஜப்பான் ரசிகர்கள் அதைத் தேடித் தேடி வாங்க ஆரம்பிச்சாங்க, கொரியாக்காரங்களும் சேந்துகிட்டாங்க. குப்பைன்னு போட்டது இன்னைக்கு வீட்டு விலைக்கு விக்குது.

இதைக் கேட்டுட்டு பல்லாவரத்துக்கு ஓடாதீங்க, பொறுங்க. எல்லாப் பழசும் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கிடையாது.



பெரிய கொம்பு ஏன் வீட்டுக்குள்ள இருந்து காணாமப் போச்சு? ஒரு இரும்பு விதி இருக்கு. கே.எல்.எச். கம்பெனியை ஆரம்பிச்ச மூணு பேர்ல ஒருத்தரான ஆண்டன் ஹாஃப்மன் பேர்ல அதைச் சொல்வாங்க. சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், கொஞ்சம் கரண்டுக்கே நிறைய சத்தம்... இந்த மூணுல ரெண்டைத்தான் எடுத்துக்கலாம், மூணாவது கிடைக்காது. இது இயற்கையோட கணக்கு, எந்தக் கம்பெனியும் இதுல தப்பிக்க முடியாது.

1946ல் பால் கிளிப்ஷ் செஞ்ச கிளிப்ஷ்ஹார்ன், பீரோ மாதிரி மூலையில நிக்கும். ஒரு வாட் கொடுத்தாலே 100 டெசிபெல்லுக்கு மேல சத்தம் போடும். 1954ல் எட்கர் வில்ச்சர் நேர் எதிர்ப் பக்கம் போனார். காத்துப் புகாத சின்னப் பெட்டிக்குள்ள ஸ்பீக்கரை அடைச்சு, உள்ள இருக்கிற காத்தையே ஸ்பிரிங்கா வேலை செய்ய வச்சார். அதுதான் ஏ.ஆர்-1. 1958ல் வந்த ஏ.ஆர்-3 அலமாரித் தட்டுல உக்காரும், ஆனா அடி வயித்துல இருந்து பேஸ் வரும். விலை? சத்தம் குறைவு, பெரிய ஆம்ப் வேணும். 1970களில் பி.பி.சி. தன்னோட ஒலிப்பதிவு வேன்ல வைக்கிறதுக்காக வடிவமைச்ச எல்.எஸ்.3/5ஏ, அஞ்சு லிட்டர் எண்ணெய் டின் அளவுதான் இருக்கும். அது ஒரு வாட்டுக்கு சுமார் 82, 83 டெசிபெல்தான். கொம்புக்கும் இதுக்கும் 20 டெசிபெல் வித்தியாசம்னு வச்சாலே, அதே சத்தத்துக்கு 100 மடங்கு வாட்ஸ் வேணும்.

பழைய ஸ்பீக்கர் வாங்குறவங்க இங்கதான் கோட்டை விடுறாங்க. ஸ்பீக்கரைத் தனியா விலை பேசுறோம். அதோட ஜோடி ஆம்ப்ளிஃபையர் என்னன்னு கேக்கிறது இல்ல. சின்ன ஆம்ப் வச்சிருக்கிறவர் கையில பழைய பி.பி.சி. குட்டிப் பெட்டி மாட்டினா, ரெண்டுமே அழுவும்.



இதெல்லாம் சீமையில நடந்துட்டு இருந்தப்ப நம்ம ஊர்ல என்ன? கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் எல்லாத்துக்கும் மைக் செட். 1940ல் டெல்லியில் ஆரம்பிச்ச அஹுஜாவோட குழாய்கள் தென்னை மரத்துல ஏறி உக்காந்துடுச்சு. வீட்டு ஸ்பீக்கருக்கு பிலிப்ஸ் இருந்தது. 1970ல் கல்கத்தாவில் சோனோடைன் தொடங்கினாங்க. அப்புறம் காஸ்மிக் மாதிரி கம்பெனிங்க. வெளிநாட்டுச் சாமான் மட்டும் கண்ணுல காட்ட மாட்டாங்க. நுகர்பொருள் இறக்குமதிக்கு லைசென்ஸ் ராஜ்ஜியத்துல வழியே கிடையாது. வழி இருந்த சாமானுக்கும் சுங்க வரி எங்கேயோ போகும். உச்ச வரியை 150 சதவீதமாகக் "குறைச்சதே" 1991 பட்ஜெட்லதான்னா, அதுக்கு முன்னால எவ்வளவு இருந்திருக்கும்னு பாத்துக்குங்க.

1978ல் வந்த பிரியா படத்துப் பாட்டை ராஜா ஸ்டீரியோவில் பதிவு பண்ணினார். பாட்டு ஸ்டீரியோ ஆயிடுச்சு. நம்ம வீட்டுப் பெட்டி இன்னும் ஒத்தைக் காதுதான். அப்ப ரெண்டு ஸ்பீக்கர் வச்சு, வலது பக்கம் கிதார், இடது பக்கம் வயலின்னு பிரிச்சுக் கேக்கணும்னா என்ன பண்றது?

வழி மூணுதான். ஒண்ணு, துபாய்ல இருந்தோ சிங்கப்பூர்ல இருந்தோ வர்ற மாமா. சான்சுயி, அகாய், நேஷனல் பேனசானிக் எல்லாம் இப்படித்தான் தெருவுக்கு ஒண்ணா வந்து இறங்கிச்சு. ரெண்டு, பர்மா பஜார். பர்மாவுல இருந்து திரும்பி வந்த நம்ம ஜனங்களுக்காக 1960களின் கடைசியில் பீச் ஸ்டேஷன் எதிரே உருவான கடைவரிசை. அங்கே "இம்போர்ட்டட்"னா எங்கிருந்து வந்ததுன்னு கேக்கக் கூடாது, ரசீதும் கேக்கக் கூடாது :-) மூணு, சென்ட்ரல் பக்கத்துல மூர் மார்க்கெட். பழைய புத்தகம், பழைய இசைத்தட்டு, பழைய ரேடியோன்னு எல்லாப் பழசும் போய்ச் சேர்ற இடம். 1985ல் அது எரிஞ்சு போச்சு.

நம்ம தென் பக்கத்துக்காரங்களுக்கு நாலாவதா ஒண்ணு உண்டு. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. இருநூறு வருஷத்துக்கு மேலன்னு சொல்வாங்க, மாட்டுச் சந்தையா ஆரம்பிச்சதுன்னும் சொல்வாங்க. வெள்ளிக்கிழமை காலையில பழைய டிரங்க் ரோட்டுப் பக்கம் போனா செடி, கோழிக்குஞ்சு, கட்டில், கழட்டின ஜன்னல், சைக்கிள், கம்ப்யூட்டர் போர்டு... நடுவுல தரையில பழைய சாக்கு மேல ஸ்பீக்கர். பெரும்பாலும் ஒத்தை ஸ்பீக்கரா இருக்கும். ஜோடி எங்கே பிரிஞ்சதுன்னு விக்கிறவருக்கும் தெரியாது. எடைக்கு வாங்கினவர் எண்ணிக்கைக்கு விக்கிறார்.

கவனிச்சுப் பாருங்க. 1990 வரைக்கும் ஒரு மெட்ராஸ்வாசிக்கு நல்ல வெளிநாட்டு ஸ்பீக்கர் வேணும்னா, மேல சொன்ன நாலுல ஒண்ணுதான். மாமா கொண்டு வந்தது மட்டும்தான் புதுசு. அதுவும் அடுத்த வீட்டுக்குப் போகும்போது பழசு.

இறக்குமதி மேல இருந்த அளவுக் கட்டுப்பாடுகள்ல கடைசியா மிஞ்சின 715 பொருள்களுக்கும் 2001 ஏப்ரல் 1ல் விடுதலை கிடைச்சது. அதுக்கு முன்னயும் பின்னயுமா சீமைக் கம்பெனிங்க ஒவ்வொண்ணா சென்னைக்கு வந்தாங்க. குளிர் அறை, சோபா, "உக்காருங்க சார், என்ன பாட்டு போடட்டும்"னு ஒரு உபசாரம். புதுசா பழசாங்கிற கேள்விக்கு ரெண்டு பக்கமும் கிடைச்சது அப்பதான்.

இன்னொரு சட்டமும் தெரிஞ்சு வச்சுக்குங்க. வெளிநாட்டுல இருந்து பழைய சாமானை இறக்குமதி பண்றது, தொழிற்சாலை மெஷின் மாதிரி மூலதனச் சாமான் தவிர, அரசாங்க அனுமதி வேண்டிய பட்டியல்ல இருக்கு. லண்டன்ல ஒருத்தர் மலிவா விக்கிறதை இணையத்துல பாத்து ஜொள்ளு விட்டு பிரயோஜனம் இல்ல. ஏற்கெனவே உள்ள வந்த சரக்குதான் இங்க சுத்திச் சுத்தி வரும். அதனாலதான் அங்க மலிவா போற பழைய ஸ்பீக்கருக்கு இங்க அவ்வளவு விலை சொல்றாங்க.



சரி, மேட்டருக்கு வருவோம். பழைய ஸ்பீக்கர்ல எது கெட்டுப் போகும்?

காந்தம் சாமானியத்துல போகாது. பெட்டி நல்ல மரமா இருந்தா போகாது. முதல்ல போறது கூம்பைச் சுத்தி இருக்கிற வளையம். 1960களில் அது துணியா இருந்தது. 1970களில் ஏ.ஆர்., ஜே.பி.எல். உட்பட பல பேர் ஃபோமுக்கு மாறினாங்க. லேசா இருக்கும், நல்லா ஆடும், கேக்க அருமையா இருக்கும். ஆனா அந்த பாலியூரிதேன் ஃபோம் ஈரக் காத்துல தானா உதிரும். பத்து, இருபது வருஷம்தான் ஆயுசு. நம்ம ஊர்க் காத்துல ஈரத்துக்கா பஞ்சம்? நாப்பது வருஷ ஸ்பீக்கர் ஒண்ணு "ஒரிஜினல் ஃபோம், கை படாதது"ன்னு விளம்பரத்துல வந்தா, விரலால லேசா தொட்டுப் பாருங்க. கேக் மாதிரி உதிர்ந்து கையோட வரும். துணி வளையமும் ரப்பர் வளையமும் பல மடங்கு நாள் தாங்கும்.

அடுத்தது பெட்டிக்குள்ள இருக்கிற கிராஸ்ஓவர். அதுல எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் இருந்தா, இருபது முப்பது வருஷத்துல காஞ்சு மதிப்பு மாறிடும். அதை மாத்துறது பெரிய செலவு இல்ல. ட்வீட்டர் எரிஞ்சு போயிருந்தாதான் தலைவலி. அந்த மாடல் ட்வீட்டர் இன்னும் கிடைக்குதான்னு முதல்ல கேளுங்க, அப்புறம் விலை பேசுங்க.

போகும்போது பையில ஒரு மல்ட்டிமீட்டரும் ஒரு ஒண்ணரை வோல்ட் பேட்டரியும் போதும். 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டர்ல சுமார் 6 ஓம் காட்டும், 4 ஓம்னா சுமார் 3. ஒண்ணுமே காட்டலைன்னா உள்ள கம்பி அறுந்திருக்கு. பேட்டரியை ஒரு நொடி தொட்டா பேஸ் கூம்பு "டப்"னு முன்னால வரணும். ரெண்டு ஸ்பீக்கரும் ஒரே பக்கம் வரணும். ட்வீட்டர்ல பேட்டரி வைக்காதீங்க, பாவம். அப்புறம் ரெண்டு கை விரலையும் கூம்பு மேல விரிச்சு வச்சு, மெதுவா, நேரா உள்ள அமுக்குங்க. "கரகர"ன்னு உரசினா சுருள் கோணி இருக்கு.

அடுத்து, நம்ம பகுதிக்கே உரிய ஒரு சங்கதி. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளை மறந்திருக்க மாட்டீங்க. 24 மணி நேரத்துல தாம்பரத்துல 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் அடையாத்துத் தண்ணியில முதல் மாடி வரைக்கும் தவிச்சது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வேற. கீழ் வீடுகள்ல தரையில நின்னது எது? பிரிட்ஜ், வாஷிங் மெஷின், அப்புறம் ஆளுயர ஸ்பீக்கர்.

எம்.டி.எஃப். பலகைங்கிறது மரநாரைப் பசை போட்டு அழுத்திச் செய்யறது. ஒரு தடவை தண்ணி குடிச்சா உப்பும், காஞ்சாலும் பழையபடி சுருங்காது. மேல புதுசா ஒரு வினைல் தாள் ஒட்டிட்டா ஷோகேஸ் பொம்மை மாதிரி பளபளன்னு ஆயிடும். அதனால தென் சென்னையில எந்தப் பழைய தரை ஸ்பீக்கரைப் பாத்தாலும், முதல்ல தலைகீழா சாய்ச்சு அடிப்பலகை ஓரத்தைத் தடவுங்க. மேடு தட்டுதா? திருகாணி துருப்பிடிச்சிருக்கா? பின்னால ஒயர் மாட்டுற இடத்துல பச்சை பூத்திருக்கா? இருந்தா கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. விக்கிறவர் மேல கோபப்பட வேணாம். அவரும் வெள்ளத்துல வீட்டை இழந்தவரா இருக்கலாம்.



இவ்வளவும் சொல்லிட்டு, புதுசோட பக்கத்தைச் சொல்லலைன்னா நியாயம் இல்ல.

பெட்டி எவ்வளவு பெரிசா இருக்கணும், ஓட்டை எவ்வளவு நீளம்னு ஒரு காலத்துல கையால செஞ்சு செஞ்சு பாத்துதான் முடிவு பண்ணினாங்க. ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் 1961லயே கணக்குப் போட்டுக் கொடுத்துட்டார். உலகம் கண்டுக்கல. 1971ல் அமெரிக்க ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் பத்திரிகை அதைத் திரும்ப வெளியிட்டது. அடுத்த ரெண்டு வருஷத்துல ரிச்சர்ட் ஸ்மால் அதை விரிச்சு எழுதினார். அப்புறம் 1980களில் கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் குழுவில் ஃபிளாய்ட் டூல், திரைக்குப் பின்னால ஸ்பீக்கரை மறைச்சு வச்சு ஜனங்களைக் கேக்க வச்சார். பேரும் விலையும் தெரியாதப்ப, நேரா அளந்தாலும் பக்கவாட்டுல அளந்தாலும் ஏத்த இறக்கம் இல்லாத ஸ்பீக்கரைத்தான் பெரும்பாலானவங்க விரும்பினாங்க.

இந்தக் கணக்கும் அளவையும் இன்னைக்கு ஒரு சாதா கம்பெனிகிட்டயும் இருக்கு. அதனால 1970க்கு முந்தின பெரிய பேர் ஸ்பீக்கரை விட, இன்னைக்கு நடுத்தர விலைக்கு வர்ற புது ஸ்பீக்கர் பல நேரம் ஒழுங்கா பாடும். இதை ஒத்துக்கிறதுல பழைய சாமான் பிரியர்களுக்குக் கொஞ்சம் வலிக்கும். எனக்கும் வலிக்குது.

கம்பெனிங்க இதுலயும் ஒரு விளையாட்டு காட்டுறாங்க. 1965ல் வந்த வார்ஃபடேல் லின்டன் 2019ல் லின்டன் ஹெரிட்டேஜா திரும்ப வந்தது. 1970ன் ஜே.பி.எல். எல்-100, 2018ல் எல்-100 கிளாசிக்கா வந்தது, அந்த ஆரஞ்சு நிறக் கட்டம் போட்ட முகத்தோட. பி.பி.சி. குட்டிப் பெட்டியை இன்னைக்கும் புதுசா செய்யறாங்க. பழசோட முகம், புதுசோட உள்ளுறுப்பு, ரெண்டுக்கும் சேத்து விலை!

அறையையும் பாக்கணும். மேடவாக்கம், சேலையூர் ஃபிளாட்ல பாட்டு கேக்கிற அறை பத்துக்குப் பன்னெண்டு அடி இருந்தாலே புண்ணியம். நாலு பக்கமும் சுவர், கீழ டைல்ஸ். பன்னெண்டு அடி நீளம் சுமார் 47 ஹெர்ட்ஸ்ல முழங்கும், பத்து அடி சுமார் 56 ஹெர்ட்ஸ்ல முழங்கும். 15 இஞ்ச் பேஸ் ஸ்பீக்கரை அதுக்குள்ள கொண்டு போனா மிருதங்கத்தோட தொப்பி மட்டும்தான் கேக்கும், பாட்டு கேக்காது. தங்கமணி "இது என்ன, பீரோவா?"ன்னு கேக்கிறது வேற கணக்கு.



அப்ப என்னதான் முடிவு?

சரித்திரத்தை முழுசா பாத்தா, நம்ம ஊர்ல பழைய ஸ்பீக்கர் வாங்குறது புத்திசாலித்தனமா இருந்ததுக்குக் காரணம் ஸ்பீக்கர் மட்டும் இல்ல. பக்கத்துலயே அதைச் சரி பண்ற ஆள் இருந்தார். மவுண்ட் ரோடு ரிச்சி தெரு, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு வட்டாரத்துல, அறுந்த சுருளைக் கையால திரும்பச் சுத்தி, புது கூம்பு ஒட்டி, நடுவுல சுருள் உரசாம நிக்க மெல்லிசா ஃபிலிம் துண்டு செருகி, பசை காயற வரைக்கும் கல்லை வச்சு உக்காந்திருந்த கைகள். காயில் கட்டுறதுன்னு சொல்வாங்க. வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கை ஜப்பான்காரங்க காப்பாத்தினது காசால மட்டும் இல்ல, இந்த மாதிரி கைகளாலயும்தான்.

இன்னைக்கு சின்ன ஸ்பீக்கருக்குக் காயில் கட்டுற கூலிக்குப் புதுசே வந்துடும். அதனால யாரும் கொடுக்கிறது இல்ல. வேலை வராத தொழிலைப் பையன் கத்துக்க மாட்டான். பெரிய ஸ்பீக்கருக்குக் காயில் கட்டத் தெரிஞ்சவர் இப்படிச் சின்ன ஸ்பீக்கர் கட்டிக் கட்டிக் கை பழகினவர்தான். அந்தச் சின்ன வேலை நின்னா பெரிய வேலைக்கும் ஆள் இருக்காது. அப்ப நம்ம வீட்டுப் பழைய சீமை ஸ்பீக்கர் வெறும் ஃபர்னிச்சர்.

புதுசுலயும் இதே கவலை வேற ரூபத்துல இருக்கு. ஆம்ப்ளிஃபையர், கம்ப்யூட்டர் சிப்பு, வைஃபை எல்லாம் ஒரே பெட்டிக்குள்ள அடைச்ச ஸ்பீக்கர்கள் இப்ப நிறைய. நல்லாவே பாடுது. பத்து வருஷம் கழிச்சு உள்ள ஒரு போர்டு போனாலோ, அதோட ஆப் புது போன்ல ஓடலைன்னாலோ, நல்லா இருக்கிற கூம்பும் காந்தமும் சேந்து குப்பை. ரைஸும் கெல்லாக்கும் செஞ்சது நூறு வருஷச் சாமான். நாம அதை பத்து வருஷச் சாமானா ஆக்கிட்டு இருக்கோம்.

அதனால என் கணக்கு இது. ஆம்ப் தனி, ஸ்பீக்கர் தனியா இருக்கிற சாதா ரகம். 1970களின் பாதிக்குப் பிறகு செஞ்சது. ரப்பர் இல்ல துணி வளையம். ட்வீட்டர் இன்னும் கிடைக்கிற மாடல். தண்ணி படாத பெட்டி. இந்த அஞ்சும் சேந்து வந்து, விலை புதுசுல பாதிக்குள்ள இருந்தா, பழசை வாங்குங்க. புதுசு வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரிச்ச அன்னைக்கே விலை விழுந்துடும், பழசுக்கு விழ வேண்டியது ஏற்கெனவே விழுந்தாச்சு. பிடிக்கலைன்னா கிட்டத்தட்ட வாங்கின விலைக்கே தள்ளிவிடலாம். அஞ்சுல ஒண்ணு இடிச்சாலும் புதுசு வாங்குங்க. ஆனா அப்பவும் திருகாணி போட்டுக் கழட்டி மாட்டக் கூடியதா, ஸ்பேர் கிடைக்கிறதா பாத்து வாங்குங்க. நீங்க இன்னைக்கு வாங்குற புதுசுதான், முப்பது வருஷம் கழிச்சு பல்லாவரம் சந்தையில எவனோ ஒரு இளவட்டம் குனிஞ்சு பாக்கப் போற பழசு. அவனுக்கும் ஏதாவது மிச்சம் வைக்கணும் இல்லையா?

பி.கு: தாம்பரம், மேடவாக்கம், வேளச்சேரி பக்கம் இன்னும் கையால காயில் கட்டுற கடை உங்களுக்குத் தெரிஞ்சா, எந்தத் தெருன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. அந்தக் கடைக்கு நாலு வேலை போனா, நம்ம வீட்டுப் பழசுக்கெல்லாம் இன்னும் கொஞ்சம் ஆயுசு கூடும்.